நான் அழிக்க மறுத்த விளையாட்டுகள்

பஸ் சாவியை மேசையில் வைக்கச் சொன்னார் முதலாளி.

பதினொரு வருடமாக அவருடைய மினிபஸ்ஸை ஓட்டுகிறேன். காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம், யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை. அந்த வீதியில் எனக்குத் தெரியாத குழி இல்லை.

“நீர் போனிலை கேம் விளையாடுறீராம்.”

“ஓம்.”

“நாப்பத்தாறு வயசிலை.”

“ஓம்.”

“உதுகளை எல்லாம் என்ரை கண்ணுக்கு முன்னாலை அழியும். சாவியைத் தாறன். இல்லாட்டி நான் வேறை றைவரைப் பாக்கிறன்.”

“அழிக்க மாட்டன்,” என்றேன். சாவியை வைத்தேன்.

வீட்டில் மனைவியும் படிக்கிற இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரு முதலாளி விட்ட சாரதியை அந்த வீதியில் மற்ற முதலாளி எடுக்க மாட்டார். எங்கள் சங்கத்தில் அது எழுதாத சட்டம். சாவி மேசையில் கிடந்தால் என் சீற் போய்விட்டது என்று அர்த்தம். அது தெரிந்துதான் வைத்தேன்.

ஏன் அழிக்கவில்லை என்று பிறகு பலர் கேட்டார்கள். அதைத்தான் எழுதுகிறேன்.

பஸ் ஓட்டுகிறவனுக்கு ஓட்டுகிற நேரத்தைவிட முறைக்குக் காத்திருக்கிற நேரம் கூட. நிலையத்தில் சிலர் சீற்றில் படுத்துத் தூங்குவார்கள். சிலர் வெற்றிலை போடுவார்கள். பெரும்பாலான ஆட்கள் கடுதாசி அடிப்பார்கள். முந்நூற்றிநாலு என்கிற சீட்டாட்டம். அதில் சண்டை வரும், கழுத்துப் பட்டியைப் பிடிப்பார்கள், மறுநாள் மறுபடி குந்துவார்கள். கடுதாசி பிடித்தால் பெரிய மனுசன். போன் பிடித்தால் சின்னப்பிள்ளைக் குணம். இந்தக் கணக்கு எனக்கு விளங்கியதே இல்லை.

நான் போன் பிடித்தேன். பிடித்ததோடு நிற்கவில்லை. ஒவ்வொரு விளையாட்டையும் நன்றாக விளையாடி நல்லது, கூடாது என்று சொன்னேன். போகப் போக மற்றச் சாரதிகளும் கேட்கத் தொடங்கினார்கள். “அண்ணை, உது எப்பிடி, போடலாமோ?” நான் ஒரு சொல்லில் சொல்வேன். இங்கே கொஞ்சம் கூடச் சொல்கிறேன்.

முதலில் விளையாடியது போனில் இல்லை. கையடக்கமான ஒரு பெட்டி. மேலேயிருந்து கட்டைகள் விழும், திருப்பித் திருப்பி இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். நாங்கள் இடம்பெயர்ந்து மானிப்பாய்ப் பக்கம் ஒரு வீட்டில் இருந்த காலம். சண்டை நடந்ததால் பற்றரியை யாழ்ப்பாணத்துக்குள்ளே வர விடாத காலம். வானொலி திருத்துகிற ஒருவர் ஏதோ ஒரு சின்னச் சாமானை இடையில் ஒட்டிச் சைக்கிள் டைனமோவில் பூட்டித் தந்தார். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி அண்ணை பெடலைக் கையால் சுற்றுவார், நான் விளையாடுவேன். பிறகு நான் சுற்றுவேன், அவர் விளையாடுவார். சுற்றுகிறவன் களைத்தால் எல்லாம் அணைந்துவிடும், புள்ளியும் போய்விடும். அந்த விளையாட்டைப் பற்றி என் கருத்து: நல்லது. ஆனால் வெல்ல முடியாது. கட்டை விழுந்துகொண்டே இருக்கும், கடைசியில் நீதான் தோற்பாய். அதை அது மறைக்கவில்லை. அதனால் நல்லது என்கிறேன்.

அடுத்தது சுடுகிற விளையாட்டு. நூறு பேர் வானத்திலிருந்து ஒரு தீவில் குதிப்பார்கள், ஒருவன்தான் மிஞ்சுவான். நிலையத்தில் பாதிப் பேரின் போனில் அது இருந்தது. பத்து நிமிடத்தில் அழித்தேன். பயந்து அழித்ததாக ஒருவர் பகிடி பண்ணினார். பயம் இல்லை. பிழையாகச் செய்திருக்கிறார்கள். எந்தப் பக்கத்திலிருந்து சுடுகிறார்கள் என்று காட்ட அதில் ஒரு சின்ன அம்புக்குறி வரும். எங்களுக்கு ஒருத்தரும் அம்புக்குறி காட்டவில்லை. அதில் ஆட்கள் ஓடிப்போய் வெறும் வீடுகளுக்குள் புகுந்து சாமான் எடுப்பார்கள். அடுப்பில் ஒரு பானை இருக்காது. கொடியில் ஒரு சீலை காயாது. சனம் விட்டுவிட்டு ஓடின வீடு எப்படி இருக்கும் என்று செய்தவனுக்குத் தெரியாது. தெரியாததைச் செய்யக் கூடாது.

ஊர் கட்டுகிற விளையாட்டு ஒன்று. வீதி போடலாம், சந்தை வைக்கலாம், மின்சாரம் கொடுக்கலாம். மூன்று வாரம் விருப்பமாக விளையாடினேன். ஒரு நாள் வீதியை நீட்டினேன், வழியில் ஒரு வீடு வந்தது. இடிக்கவா என்று கேட்டது. ஓம் என்று அழுத்தினால் வீடு போய்விடும். அதில் இருந்தவர்கள் எங்கே போவார்கள் என்று அது சொல்லவில்லை. காங்கேசன்துறையில் ஆமி எடுத்த எங்கள் வீட்டு வளவுக்குள் திரும்பிக் கால் வைக்க எங்களுக்கு இருபது வருடத்துக்கு மேல் எடுத்தது. நான் ஓம் அழுத்தவில்லை. வீதியை வளைத்துப் போட்டேன். அடுத்த வீட்டுக்கும் வளைத்தேன். என் ஊர் வீதிகள் பாம்பு போலக் கிடந்தன. நிர்வாகம் சரியில்லை என்று புள்ளி வெட்டியது. வெட்டட்டும். அந்த விளையாட்டை அழிக்கவில்லை. இப்போதும் வளைத்து வளைத்துத்தான் போடுகிறேன்.

தோட்டம் செய்கிற விளையாட்டு மனைவியின் போனில் இருந்தது. விதைத்துவிட்டுச் சோறு சாப்பிட்டு வந்தால் வெங்காயம் கிண்டி எடுக்கலாம். அவளுடைய ஆட்கள் உரும்பிராயில் உண்மையாகவே வெங்காயம் வைக்கிறவர்கள். “இஞ்சாருங்கோ, இதிலை மழை பிழைக்கிறதும் இல்லை, விலை விழுறதும் இல்லை. அதுக்காகத்தான் விளையாடுறன்,” என்றாள். என் கருத்து: பொய்யான விளையாட்டு. ஆனால் அவளுக்கு அந்தப் பொய் தேவை. இருக்கட்டும்.

இனிப்புகளை மூன்று மூன்றாகச் சேர்க்கிற விளையாட்டு: கூடாது. தோற்றால் உயிர் முடிந்தது, காத்திரு என்கிறது. காத்திருக்காவிட்டால் சொந்தக்காரரிடம் உயிர் கேள் என்கிறது. நான் ஒருத்தரிடமும் கேட்கிறவன் இல்லை. கனடாவில் இருக்கிற மச்சான் ஒருவர் கேட்காமலே ஐந்து உயிர் அனுப்பினார். அன்றைக்கே அழித்தேன்.

போனில் தாயம் உருட்டுகிற விளையாட்டு: கள்ளம். நீ ஆறு கேட்டால் வராது. மற்றவனுக்கு வரும். கையில் உருட்டினால் கள்ளம் பிடிக்கலாம், போனுக்குள் யாரைப் பிடிப்பது?

கார்ப் பந்தய விளையாட்டு: அழகு. அதில் மோதினால் ஒன்றும் இல்லை. கார் தானாக நிமிர்ந்து ஓடும். சாரதிகள் அதை விளையாடக் கூடாது என்று நிலையத்தில் நானே சொன்னேன். சொன்னதற்கு ஒருவர் மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை.

எல்லாவற்றிலும் நல்லது என்று நான் சொல்வது பெட்டி தள்ளுகிற விளையாட்டு. ஒரு மனுசன், ஒரு கிட்டங்கி, சில பெட்டிகள். குறித்த இடத்துக்குத் தள்ள வேண்டும். தள்ளலாம், இழுக்க முடியாது. அவ்வளவுதான் சட்டம். ஒரு பெட்டியை மூலைக்குள் தள்ளிவிட்டால் முடிந்தது. மழை, விலை, எதிரி, அதிட்டம் என்று எதையும் சாட்ட முடியாது. நீதான் தள்ளினாய். ஒரு கட்டத்தில் மூன்று மாதம் நின்றேன். என் கொண்டக்டர் விடையைப் போனில் தேடி எடுத்துக்கொண்டு வந்தான். முகத்தைத் திருப்பினேன். நாலாவது மாதம் தள்ளி முடித்தேன். சுன்னாகத்துக்கும் மல்லாகத்துக்கும் இடையில் பஸ் ஓட்டும்போது விடை வந்தது. நிலையம் வரும் வரைக்கும் மனதுக்குள் வைத்திருந்து பிறகுதான் போனை வாங்கித் தள்ளினேன்.

இனிப் பஸ் விளையாட்டு. அதனால்தான் சாவி மேசைக்குப் போனது.

அந்த விளையாட்டில் இலங்கை பஸ் போடலாம். யாரோ எங்கள் வீதியையும் அதற்குள் செய்து விட்டிருந்தார்கள். கொண்டக்டர்தான் என் போனில் ஏற்றித் தந்தான். முப்பது வயது, வாய் ஓயாதவன்.

“அண்ணை, உங்கடை றோட்டை நீங்களே போனிலை ஓடுங்கோ. டீசல் மிச்சம்.”

ஓடினேன். குறை நிறைய. பனைகள் எல்லாம் ஒரே உயரம். மல்லாகத்துக்கு அடுத்தது மருதனார்மடம் வந்தது. சுன்னாகத்தையே விட்டுவிட்டார்கள். சுன்னாகச் சந்தி இல்லாமல் அந்த வீதியை யாரும் ஓட்டலாம். ஆட்கள் வாய் பேசாமல் ஏறி வாய் பேசாமல் இறங்கினார்கள். “தம்பி, உந்த ஒழுங்கையிலை ஒருக்கா நிப்பாட்டும்” என்று ஒரு சனமும் கேட்கவில்லை. பின்னால் பாராமல் சைக்கிளைக் குறுக்கே விடுகிற ஒரு மனுசன் இல்லை. பிரேக் அழுத்தினால் நூல் பிடித்தது போல நின்றது. என் பஸ் அப்படி நிற்காது.

சரியாக இருந்தது இரண்டு. ஒன்று எஞ்சின் சத்தம். மற்றது மருதனார்மடத்துக் கோயிலில் பெரிய சிலையாக நிற்கிற ஆஞ்சநேயர். நிறம் கொஞ்சம் பிழை. ஆனால் உயரம் அதே உயரம். தூரத்திலேயே தெரிந்தார்.

எங்கள் வீதியில் கோயிலைத் தாண்டும்போது பஸ்ஸில் இருக்கிற எல்லோரும் கை எடுப்பார்கள். சாரதியும் எடுப்பார். வலக்கை ஸ்டியரிங்கில் இருக்கும், இடக்கை நெஞ்சுக்குப் போய் வரும். போனில் ஓட்டுவதற்கு இரண்டு கையும் வேண்டும். ஆஞ்சநேயர் கிட்ட வந்தார். என் இரண்டு கையும் எழும்பின. கண்ணும் மூடியிருக்கிறேன். போன் மடியில் விழுந்தது. பார்த்தால் பஸ் மரக்கறிச் சந்தைக்குள் போய்ச் சுவரில் மோதி நின்றது.

கொண்டக்டர் என் பின்னால் நின்று அவனுடைய போனில் முழுவதையும் படம் எடுத்திருந்தான்.

“அண்ணை, ஆஞ்சநேயரைக் கும்பிட்டுச் சந்தைக்குள்ளை விட்டிட்டியள். வந்ததுதான் வந்தியள், கத்தரிக்காய் என்ன விலையெண்டு கேட்டுச் சொல்லுங்கோ.”

நிலையமே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் படத்தைச் சங்கத்தின் போன் குழுவில் போட்டுவிட்டான். அந்தக் குழுவில் முதலாளியும் இருந்தார்.

அன்று பின்னேரம் உண்மையான பஸ்ஸில் அதே இடத்துக்கு வந்தேன். இடக்கை எழும்பியது. அதை முதல் தடவையாகக் கவனித்தேன். கண் ஒரு கணம் மூடியது. அதையும் முதல் தடவையாகக் கவனித்தேன். கண் திறந்தபோது பஸ் நான் நினைத்ததைவிட நாலு வீடு தள்ளிப் போயிருந்தது. பதினொரு வருடமாக அப்படித்தான் ஓட்டியிருக்கிறேன். ஒருத்தரும் சொல்லவில்லை. கேம்தான் காட்டியது.

மறுநாள்தான் முதலாளி கூப்பிட்டுச் சாவியைக் கேட்டார். நான் வைத்தேன். அவர் எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு இருந்தார். அவரும் ஒரு காலத்தில் அதே வீதியில் பஸ் ஓட்டியவர். அறுபத்தைந்து வயது.

“உதுகளாலை என்ன பிரயோசனம், சொல்லும் பாப்பம்.”

“நீங்கள் பின்னேரத்திலை முந்நூற்றிநாலு அடிக்கிறியள்.”

“அது வேறை, காணும்.”

“எப்பிடி வேறை?”

“அது ஆக்களோடை விளையாடுறது.”

“போன மாசம் அந்த ஆக்களிலை ஒருத்தருக்குச் செருப்பாலை எறிஞ்சனீங்கள்.”

அவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். பிறகு, “பஸ்ஸிலையும் அப்பிடிக் கை விடுறனீரோ?” என்று கேட்டார்.

“ஒரு கை விடுறனான். கண்ணும் மூடுறனான். கேம் விளையாடினபிறகுதான் அது எனக்கே தெரியும். எல்லா றைவரும் விடுறவை. நீங்கள் ஓடேக்கை விடேல்லையோ?”

அவர் சாவியைப் பார்த்தார்.

“நாளைக்கு முன் சீற்றிலை இருந்து வாங்கோ,” என்றேன். “பிழை கண்டியளெண்டால் யாழ்ப்பாணத்திலை சாவியை எடுங்கோ. ஒண்டும் கேக்க மாட்டன். ஆனால் போனிலை இருக்கிறதை அழிக்க மாட்டன். கூடாததை நானே அழிச்சிருக்கிறன். ஆரும் சொல்லி அழிக்கிறேல்லை.”

சாவியை விரலால் என் பக்கம் தள்ளினார். அவ்வளவுதான்.

வீட்டில் சொன்னேன். மனைவி கோபிக்கவில்லை. “அழிச்சனெண்டு சொல்லிப்போட்டுப் பேந்து ஏத்தியிருக்கலாம்,” என்றாள். எனக்கு அந்த வேலை வராது.

மறுநாள் காலையில் முதலாளி வெள்ளை வேட்டியோடு வந்து முன் சீற்றில் இருந்தார். கொண்டக்டரின் வாய் அன்றைக்கு மூடியிருந்தது. ஏறும்போது என் காதுக்குள், “அண்ணை, நான் பகிடிக்குத்தான் போட்டனான்,” என்றான். “தெரியும். கதவைச் சாத்து,” என்றேன்.

தெல்லிப்பழை தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ஒரு போன் அடித்தது. முதலாளி என் சட்டைப் பையைப் பார்த்தார்.

“உம்மடை போனோ?”

“ஓம்.”

“எங்கை?”

“கொண்டக்டரின்ரை காசுப் பையிலை. ஓடேக்கை அதிலைதான் கிடக்கும்.”

“எப்ப தொட்டு?”

“போன் வாங்கின நாள் தொட்டு.”

“உதை நேற்றுச் சொல்லியிருக்கலாமே.”

“நீங்கள் கேக்கேல்லை.”

மல்லாகம் போனது. சுன்னாகத்தில் வழக்கமான நெரிசல். ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் குறுக்கே நின்றது, பொறுத்தேன். முதலாளி காலால் இல்லாத பிரேக்கை இரண்டு தரம் அழுத்தினார். பழைய சாரதிகள் எல்லோரும் அப்படித்தான்.

மருதனார்மடம் வந்தது. பஸ்ஸில் எல்லாக் கைகளும் எழும்பின. முதலாளி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். நான் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்திருந்தேன். இடக்கை எழும்பத்தான் பார்த்தது. இறுக்கிப் பிடித்தேன். கண்ணையும் மூடவில்லை. கோயில் பின்னால் போனது.

முதலாளி என் பக்கம் திரும்பினார்.

“ஏன் காணும், ஆஞ்சநேயரைக் கும்பிடாமல் போறீர்?”

“கும்பிட்டாலும் சாவியை எடுப்பியள். கும்பிடாட்டிலும் எடுப்பியளோ?”

அவருக்குப் பின்னால் மரக்கறிக் கூடையோடு இருந்த மனுசி கேட்டுக்கொண்டு வந்திருக்கிறா. “ஐயோ பாவம் அந்த றைவர். என்ன செய்தாலும் அந்தாளுக்குப் பிழைதான்,” என்றா. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கொண்டக்டர் காசு எண்ணுகிற மாதிரித் தலையைக் குனிந்துகொண்டான்.

“உமக்கு வாய் கூடிப்போச்சு,” என்றார் முதலாளி.

இணுவில் போனது, கொக்குவில் போனது. முதலாளி யாழ்ப்பாணத்தில் இறங்கினார். வேட்டியைச் சரி பண்ணினார். பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பின் டயரைக் காலால் தட்டினார். சாவியைக் கேட்கவில்லை. தருகிறேன் என்றும் சொல்லவில்லை. நடந்து போய்விட்டார்.

அது எடுத்ததா விட்டதா என்று எனக்குத் தெரியாது. முறை வந்தது, பஸ்ஸை எடுத்தேன்.

திரும்பிப் போகும்போது யோசித்தேன். கையை இறுக்கிப் பிடிப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. கும்பிடாமல் ஓடுவது முதலாளிக்காக ஓடுவது. கும்பிட்டபடி ஓடுவது கண் மூடி ஓடுவது. இரண்டும் வேண்டாம். மருதனார்மடத்தில் பஸ்ஸை ஓரம் கட்டினேன். கைப்பிரேக் போட்டேன். இரண்டு கையாலும் கும்பிட்டேன். கண்ணை நன்றாக மூடினேன்.

“என்ன அண்ணை, பழுதோ?” என்றான் கொண்டக்டர்.

“இல்லை. கும்பிடுறன்.”

“நல்லதாய்ப் போச்சு, நான் இறங்கி ஒரு கற்பூரம் கொளுத்திப்போட்டு ஓடியாறன்,” என்று ஒரு கிழவர் எழும்பினார்.

“இருங்கோ, அய்யா. உங்களுக்குக் கற்பூரம், அவருக்குத் தேங்காய் எண்டால் நான் இரவுக்குத்தான் காங்கேசன்துறை போவன்,” என்றேன்.

பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு முந்திப் போனது. எங்கள் பஸ்ஸில் ஏற இருந்த நாலைந்து பேரை அடுத்த தரிப்பில் அது அள்ளிக்கொண்டு போயிருக்கும். அதன் சாரதியின் ஒரு கை நெஞ்சில் இருந்தது. நான் கைப்பிரேக்கை எடுத்தேன்.

செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. காங்கேசன்துறையில் நேரம் பார்க்கிறவர், “நீர் இண்டைக்குப் பிந்தி,” என்று கொப்பியில் குறித்தார். குறிக்கட்டும் என்று நின்றேன். முறைக்கு நேரம் இருந்தது. கொண்டக்டரிடம் போனை வாங்கினேன். எல்லோரும் பார்க்கத்தக்க இடத்தில், கடுதாசி அடிக்கிற ஆட்களுக்கு நேர் எதிரே இருந்து பெட்டி தள்ளினேன்.

தள்ளிக்கொண்டிருக்கும்போது முதலாளியின் அழைப்பு வந்தது. பெட்டியை அப்படியே விட்டேன்.

“மருதனார்மடத்திலை நிப்பாட்டினீராம்.”

“ஓம்.”

“எவ்வளவு நேரம்?”

“கும்பிடுற நேரம்.”

“ஒவ்வொரு நாளும் நிப்பாட்டப்போறீரோ?”

“ஓம்.”

“மற்றவன் சனத்தை ஏத்திக்கொண்டு போயிடுவான்.”

“போவான்.”

அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது.

“பின் டயர் தேஞ்சுபோச்சு,” என்றார். “நாளைக்கு முதல் முறைக்கு முந்தி மாத்தோணும். கெதியாய் வாரும்.”

“வாறன்,” என்றேன்.